நாற்பத்தொரு மடங்கு

ஜூன் 12, புதன்

ஆய்வகத்துக்குப் புதிய பெண் வந்திருக்கிறாள். பெயர் இசக்கியம்மாள், இருபத்து நான்கு வயது, தென்காசிப் பக்கம். தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை, "நீங்கதானக்கா நாப்பத்தொரு மடங்கு பூங்கோதை அக்கா?" என்று கேட்டாள். என் பெயருக்கு முன்னால் இந்த மடங்கு வந்து ஒட்டிக்கொண்டு மூன்று வருடமாகப் போகிறது. டாக்டர் பட்டம்தான் இன்னும் ஒட்டவில்லை.

எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் சிதம்பரநாதன் சார் அவளுக்கு வந்தவுடனே வேலை கொடுத்துவிட்டார். எங்கள் கட்டுரையில் உள்ள அந்த நாற்பத்தொரு மடங்கு அளவை அவள் அப்படியே இன்னொரு முறை செய்து காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் தங்கத்துக்குப் பதிலாக வெள்ளி. "அஸ்திவாரத்து மேலதானம்மா மாடி கட்டணும்" என்றார். அஸ்திவாரம் நன்றாகத்தானே இருக்கிறது, நேராக மாடி வேலையையே கொடுத்துவிடலாமே என்றேன். நான் விளையாட்டுக்குச் சொன்னதாக நினைத்துச் சிரித்தார்.

விடுதியில் உப்புமா. தொட்டுக்கொள்ளச் சட்னி என்ற பெயரில் வெள்ளைத் தண்ணீர்.

ஜூன் 16, ஞாயிறு

அம்மா போன் செய்தாள். ஒவ்வொரு ஞாயிறும் ஒரே கேள்வி. "ஆறு வருசமா அங்கன என்னதான்டி பண்ற?"

இன்று எனக்குப் பொறுமை இருந்தது. "மூணு அணு கனத்துல ஒரு தாள் இருக்கும்மா. மாலிப்டினம்னு ஒரு உலோகம், அதோட கந்தகம் சேர்ந்தது. பச்சை லேசர் அடிச்சா அது சிவப்பா மினுங்கும். ஆனா ரொம்ப மங்கலா. அதுமேல கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகளத் தூவுனா, தங்கம் வெளிச்சத்த இழுத்துக் குவிச்சுக் குடுக்கும். தாளு நல்லாப் பிரகாசிக்கும். எம்புட்டுப் பிரகாசிக்குதுன்னு அளக்குறதுதான் என் வேலை."

"தங்கத்தத் தாளுக்குப் போட்டு அழகு பாக்குற. ஒங்கழுத்துல ஒண்ணுத்தையும் காணோம்" என்றாள் அம்மா.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். தங்கம் தாளை நேராகத் தொட்டால் வெளிச்சத்தைத் தானே விழுங்கிவிடும். நடுவில் நூலளவுக்கும் குறைவாக ஒரு பூச்சு வேண்டும். நெருங்கி இருக்க வேண்டும், ஒட்டவும் கூடாது. சாரிடம் ஆறு வருடம் குப்பை கொட்டியவளுக்கு இது தனியாகப் படிக்க வேண்டிய பாடமில்லை.

ஜூலை 4, வியாழன்

இசக்கி முதல் முறையாகத் தங்கக் கரைசல் காய்ச்சினாள். எங்கள் ஆய்வகத்தில் இதற்குக் கைராசி வேண்டும் என்பார்கள். விஞ்ஞானம் படித்தவர்கள்தான், ஆனாலும் சொல்வார்கள். மஞ்சள் தண்ணீர் வெளுத்து, கறுத்து, கடைசியில் சிவக்க வேண்டும். குடுவையில் ஒரு பொட்டு அழுக்கு இருந்தால் போதும், நாவல்பழச் சாறு மாதிரி ஆகிவிடும். நான் காய்ச்சினால் ஒருமுறைகூடத் தப்பியதில்லை. அதனால் கைராசிக்காரி என்று பெயர்.

இசக்கிக்கும் முதல் தடவையே சிவந்துவிட்டது. நல்ல சிவப்பு. குடுவையை ஜன்னலில் தூக்கிப் பிடித்து, "அக்கா, எவ்வளவு அழகா இருக்கு பாருங்க" என்றாள். "அழகுக்கு மார்க் கிடையாது, மூடி வை" என்றேன்.

செலோ டேப்பால் படிகத்திலிருந்து அந்த மூன்றணுத் தாளை உரித்தெடுக்கவும் கற்றுக்கொண்டுவிட்டாள். எனக்கு அதற்கே நான்கு மாதம் ஆனது.

ஜூலை 22, திங்கள்

இசக்கியின் முதல் அளவு. தங்கம் இல்லாத தாளைவிடத் தங்கம் தூவிய தாள் 4.2 மடங்கு மினுங்குகிறது.

"நாப்பத்தொண்ணு பக்கத்துல வரணும்லா, புள்ளி தப்பா விழுந்துட்டோன்னு பாத்தேங்க்கா. இல்ல, நாலுதான்" என்றாள்.

பூச்சின் கனம் சரியில்லாமல் இருக்கும் என்றேன்.

ஜூலை 23, செவ்வாய்

மறுபடியும் நான்கு.

ஆகஸ்ட் 14, புதன்

மூன்று வருடத்துக்கு முன் இதே நாள். நாற்பத்தொன்று வந்த நாள். சார் தன் கையால் ஜாங்கிரி வாங்கி வந்தார். அதுவரை என் பெயரைப் பூங்கொடி என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அன்றிலிருந்துதான் பூங்கோதை என்று சரியாகச் சொல்கிறார். கட்டுரை வந்தது. சாருக்குப் பெரிய திட்டம் கிடைத்தது. இந்த ஏசி, இந்தப் புது மேசை எல்லாம் அந்த எண் கொண்டு வந்தவை.

இசக்கி என்னுடைய பழைய பதிவேட்டைக் கேட்டாள். அன்றைக்கு எந்த வரிசையில் அளந்தேன் என்று பார்க்க வேண்டுமாம். பதிவேடு விடுதியில் பெட்டிக்குள் இருக்கிறது, எடுத்துத் தருகிறேன் என்றேன். பதிவேடுகள் ஆய்வகத்தில்தான் இருக்க வேண்டும் என்று விதி. பாதுகாப்புக்காக நான் கொண்டுபோய் வைத்தேன். இங்கே கரையான் தொல்லை.

செப்டம்பர் 18, புதன்

ஏழு மாதிரிகள் செய்துவிட்டாள். 4.0, 4.3, 3.9, இப்படி. ஆய்வகத்தில் பேச்சு மாறிவிட்டது. "தங்கம் செவக்குது, தாளும் வருது, அளவுக்கு மட்டும் கைராசி இல்ல போல" என்று டீ குடிக்கும்போது சொல்கிறார்கள். யார் ஆரம்பித்தார்களோ.

சார் என்னை அழைத்தார். "ஒரு நாள் நீயே கூட உக்காந்து அளந்து காட்டிடேன்மா. அவ கையில என்ன தப்புன்னு தெரிஞ்சுடும்." ஆய்வேடு எழுத வேண்டியிருக்கிறது சார் என்றேன். பொய்யில்லை. இரண்டு முறை தவணை வாங்கியாகிவிட்டது, டிசம்பருக்குள் கொடுக்காவிட்டால் என் பதிவே ரத்து. ஊரில் ஒரு கல்லூரியில் பட்டத்தோடு வா, வேலை போட்டுத் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களும் எத்தனை நாள் காத்திருப்பார்கள்?

இசக்கிக்கும் ஒரு கெடு இருக்கிறது. நவம்பரில் ஆய்வுக் குழு உட்காரும். முதல் வேலை முடிந்திருந்தால் வைத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் அனுப்பிவிடுவார்கள். அவள் வீட்டில் அவள்தான் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவளாம். இதை என்னிடம் ஏன் சொல்கிறாள் என்று தெரியவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. நேற்றே எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மேசையில் வெள்ளை வேட்டி விரித்து அடுக்கியிருந்தோம். சார் லேசருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு மாலை. பொரிகடலை, வாழைப்பழம். வருடத்தில் ஒருநாள் இந்தக் கருவிகளுக்கு ஓய்வு. எங்களுக்கு அதுவும் இல்லை, பாத்திரம் நாங்கள்தான் கழுவினோம்.

வேட்டியில் கூலிங் கிளாஸும் இருந்தது. ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிய சாம்பல் நிறக் கண்ணாடி. லேசரை நேராக்கும்போது கண் கூசாமல் இருக்க வழியில் செருகிவைப்போம். பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தைத்தான் விடும். அளக்க ஆரம்பிக்குமுன் எடுத்துவிட வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் எல்லாரும் அதைக் கூலிங் கிளாஸ் என்றுதான் சொல்வோம், கடைக்காரர் வைத்த பெயர் யாருக்கும் ஞாபகமில்லை.

இசக்கி அதற்கு ஒரு பொட்டு வைத்தாள். வைத்துவிட்டுக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக, "அக்கா, அன்னைக்கு வெறும் தாள அளக்கும்போது இது உள்ள இருந்துச்சா, வெளிய இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"பூஜை நேரத்துல வேலையப் பத்திப் பேசாத" என்றேன்.

அவள் பொரியை என் கையில் கொட்டினாள். பாதி கீழே போயிற்று.

அக்டோபர் 13, ஞாயிறு

சரி, எழுதிவிடுகிறேன். பெட்டிக்குள் பூட்டி வைக்கும் நோட்டுதானே.

நாற்பத்தொன்று வந்த அன்று காலை லேசரை நேராக்கினேன். பதினொரு மணிக்கு வெறும் தாளை அளந்தேன். மின்சாரம் போய்விட்டது. மதியம் இரண்டு மணிக்கு மறுபடி எல்லாவற்றையும் தொடங்கி, தங்கம் தூவிய தாளை அளந்தேன். பதிவேட்டில் 86ஆம் பக்கம், வெறும் தாளுக்கு மேலே, பென்சிலில், என் கையெழுத்தில், 'கூ.கி. போட்டாச்சு' என்று இருக்கிறது. எடுத்தாச்சு என்று எங்கேயும் இல்லை.

அதாவது வெறும் தாளுக்குப் பத்தில் ஒரு பங்கு வெளிச்சம் கொடுத்து அளந்திருக்கிறேன். மதியம் மறக்காமல் எடுத்திருக்கிறேன், தங்கத் தாளுக்கு முழு வெளிச்சம். வெறும் தாள் பாவம், கண்ணைக் கட்டிவிட்டு ஓடச் சொன்னால் பின்தங்கத்தான் செய்யும். நாற்பத்தொன்றைப் பத்தால் வகுக்க ஐந்தாம் வகுப்புக் கணக்கு போதும்.

நான்கு மடங்கு ஒன்றும் கேவலமில்லை. நேர்மையான நான்கை வைத்து உலகத்தில் எத்தனையோ பேர் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். ஆனால் நான்குக்கு யாரும் ஜாங்கிரி வாங்கித் தருவதில்லை.

இத்தனை நாள் கவனிக்கவே இல்லை. இன்றுதான் பார்க்கிறேன். 86ஆம் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு பேருந்துச் சீட்டு செருகியிருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. யார் வைத்தார்களோ. பெட்டிச் சாவி என்னிடம்தான் இருக்கிறது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. தலைவலி என்று சொல்லி ஊருக்குப் போகவில்லை.

நவம்பர் 18, திங்கள்

நாளைக்கு இசக்கியின் ஆய்வுக் குழு. பதினொரு மாதிரிகள், எல்லாம் நான்கைச் சுற்றியே. இப்படி ஒழுங்காக ஒரே எண் வருவதற்கு எவ்வளவு சுத்தமான கை வேண்டும் என்று இந்தக் கட்டிடத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

மாலை காப்பி குடிக்கப் போகும்போது கூடவே வந்தாள்.

"அக்கா, நாளைக்கு நீங்களே சொல்லிருவீங்களா?"

"என்னத்த?"

"நான் சொன்னா குத்தம் சொல்லுதேன்னு ஆயிரும். நீங்க சொன்னா திருத்தம். அவ்வளவுதாங்க்கா. சார் ரெண்டு நாள் கத்துவாரு, அப்புறம் நாலு மடங்குன்னு திருத்திப் போட்டுருவாங்க. யாருக்கும் கண்ணாடி மறந்துபோவும். நானே ரெண்டு தடவ மறந்துருக்கேன்."

"எனக்கு நீ என்ன பேசுறன்னே புரியல" என்றேன்.

காப்பிக்கு அவள்தான் டோக்கன் வாங்கியிருந்தாள். சர்க்கரை இல்லாமல் எனக்கு எப்படி வேண்டுமோ அப்படி. அவ்வளவையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதினால் குறையும் என்று பார்த்தேன், குறையவில்லை.

சார் கத்துவது இரண்டு நாள் இல்லை. கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் போய்விடும், மற்ற மூன்றும் அதன் மேல்தான் நிற்கின்றன. டிசம்பர் போய்விடும். இருபத்து நான்கு வயதில் எல்லாமே திருத்தம்தான். எனக்கு முப்பத்து மூன்று.

நவம்பர் 19, செவ்வாய்

பத்தரைக்கு ஆரம்பித்தது. சாரும் வெளியிலிருந்து வந்த இரண்டு பேராசிரியர்களும் குழு. மூத்த ஆய்வாளர் என்று என்னையும் ஓரத்தில் உட்காரவைத்தார்கள். இசக்கி நீலப் புடவை கட்டியிருந்தாள், புதிது. பதினொரு மாதிரிகளையும் காட்டினாள். நடுவில் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை.

வந்தவர்களில் ஒருவர், "ஏன் நாற்பது வரலை?" என்று கேட்டார்.

"வெறும் தாளையும் தங்கத் தாளையும் ஒரே வெளிச்சத்துல அளக்கணும் சார். கட்டுரையில உள்ள அளவு அப்படி எடுத்ததான்னு ஒருக்கா பாக்கணும்."

சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஆறு மாசம் உனக்கு வரலைன்னா உடனே எங்க அளவு தப்பா?" அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு பூங்கோதை. அளந்தது நீ. அப்படித் தப்பு நடக்க வாய்ப்பு இருக்கா?"

இசக்கி என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, முறைக்கவும் இல்லை. மாதிரியை வைத்துவிட்டு எண் வரக் காத்திருப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

"வாய்ப்பே இல்ல சார்" என்றேன்.

குரல் நன்றாக வந்தது.

பதினைந்து நிமிடத்தில் முடிவு செய்துவிட்டார்கள்.

நவம்பர் 20, புதன்

காலையில் வந்து கருவியை ஒரு மணி நேரம் கேட்டாள். சார் பெருந்தன்மையாக, "எடுத்துக்கட்டும், கடைசி நாள்தானே" என்றார். நான் நூலகத்துக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது மேசை துடைத்திருந்தது. குடுவைகள் கவிழ்த்து வைத்திருந்தன. அவளுடைய பதிவேடும் ஆய்வகச் சாவியும் என் மேசை மேல்.

வாசலில் பையோடு நின்றாள். "போறேங்க்கா" என்றாள். போய்விட்டு வருகிறேன் என்று சொல்லவில்லை.

நவம்பர் 25, திங்கள்

விதிப்படி விலகிப்போனவர்களின் பதிவேட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் மூத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து நாளாகத் தள்ளிப்போட்டேன். இன்று உட்கார்ந்தேன்.

எங்கள் பதிவேடுகளில் ஆறு பத்திகள்தான் உண்டு. அவள் ஸ்கேலால் கோடு போட்டு ஏழாவதாக ஒன்று சேர்த்திருக்கிறாள். தலைப்பு 'கூலிங் கிளாஸ்'. கீழே ஒவ்வொரு அளவுக்கும் எடுத்தது, எடுத்தது, எடுத்தது. ஜூலையிலிருந்தே இருக்கிறது. பூஜைக்கு மூன்று மாதம் முன்பிருந்தே. அப்படியானால் அன்று அவள் கேட்டது தெரிந்துகொள்வதற்காக இல்லை.

கடைசிப் பக்கம், நவம்பர் 20. ஒரே ஒரு மாதிரி. வெறும் தாள், கூலிங் கிளாஸ் போட்டது. தங்கத் தாள், கூலிங் கிளாஸ் எடுத்தது. பெருக்கம் 41.3.

கீழே 'சரிபார்த்தவர்' கட்டம் காலி. அதன் அருகில் பென்சிலில் ஒரு சின்ன அம்புக்குறி, நான் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ. சார் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. குனிந்து பார்த்தார். "என்னது, நாப்பத்தி ஒண்ணா?" பதிவேட்டைப் பிடுங்கிக்கொண்டார். "பாத்தியா! பாத்தியாம்மா! கடைசி நாள்ல அவளுக்கும் வந்திருக்கு!" அவர் விரல் எண்ணின் மேல் இருந்தது. ஏழாவது பத்தியைக் கை மறைத்துக்கொண்டிருந்தது.

"அவசரக்குடுக்கை. ஒரு வாரம் முன்னாடியே ஒழுங்கா அளந்திருந்தா இருந்திருக்கலாம். இத உன் ஆய்வேட்டுல சேத்துடு. இன்னொருத்தர் தனியா செஞ்சும் அதே எண் வந்திருக்குன்னா எந்தப் பரீட்சகர் வாய் தொறப்பான்?"

பக்கத்தைப் புரட்டி ஒருமுறை முழுதாகப் படித்திருந்தால் போதும். படிக்கவில்லை. படிக்கச் சொல்ல என்னால் முடிந்திருக்கும். ஒரு வாக்கியம்தான். 'சார், கடைசிப் பத்தியப் பாருங்க.' மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன், நன்றாகவே வந்தது.

"சரி சார்" என்றேன்.

அம்புக்குறி காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

டிசம்பர் 9, திங்கள்

நான்காம் அத்தியாயத்தில் இசக்கியின் அட்டவணையைத் தட்டச்சு செய்தேன். ஆறு பத்திகள். ஏழாவதற்குத் தாளில் அகலம் போதவில்லை.

நன்றிப் பக்கத்தில் அவள் பெயரைப் போட்டேன். 'அளவீடுகளைத் தனித்து மீளச் செய்து உறுதிப்படுத்திய செல்வி இசக்கியம்மாளுக்கு.' இரண்டு முறை எழுதி அடித்து, மூன்றாம் முறை அப்படியே விட்டேன். யாருக்கும் நன்றி மறந்தவள் என்று பெயர் வேண்டாம்.

டிசம்பர் 20, வெள்ளி

கொடுத்தாயிற்று. ஐந்து பிரதிகள், கறுப்பு அட்டை, தங்க எழுத்து.

ஏப்ரல் 10, வியாழன்

வாய்மொழித் தேர்வு. பரீட்சகர் பெரிய மனிதர், நல்லவர். அவர் கேட்ட ஒரே கடினமான கேள்வி, நாற்பத்தொன்று நம்பும்படி இல்லையே, வேறு யாருக்காவது வந்திருக்கிறதா என்பதுதான். அட்டவணையைக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு படித்தார்.

"யாரும்மா இந்த இசக்கியம்மாள்? அந்த எண்ணே வந்திருக்கே. நல்ல கை. இப்ப எங்க இருக்காங்க?"

"சொந்தக் காரணத்துனால போய்ட்டாங்க சார்" என்றார் சிதம்பரநாதன் சார், நான் வாய் திறக்குமுன்.

ஒரு மணிக்கு டாக்டர் பூங்கோதை ஆனேன். கை தட்டினார்கள். சார் ஜாங்கிரி வாங்கி வந்திருந்தார். சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை.

அம்மா போனில் அழுதாள். நானும் அழுதேன். அவள் வேறு காரணமென்று நினைத்திருப்பாள்.

ஏப்ரல் 12, சனி

இசக்கியிடமிருந்து செய்தி வந்திருந்தது. ஐந்து மாதத்தில் முதல் முறை.

'அக்கா, பட்டம் வாங்கினதுக்கு வாழ்த்துக்கள். நான் இங்க ஊர்ல ஸ்கூல்ல பதினொண்ணாம் கிளாஸுக்கு லேப் எடுக்கேன். பிள்ளைங்க நல்லா செய்யுதுங்க. நன்றிப் பக்கத்துல என் பேரு போட்டிருக்கீங்கன்னு டிபார்ட்மெண்டுல சொன்னாவ. அத மட்டும் எடுத்துருங்கக்கா.'

ஒரு மணி நேரம் கழித்துப் பதில் போட்டேன். பைண்டிங் ஆகிவிட்டது, எடுக்க முடியாது என்று.

நான் அனுப்பியதைப் படித்துவிட்டாள்.

திங்கட்கிழமை சார் வெள்ளி வேலைக்கு இன்னொரு பெண்ணைச் சேர்க்கிறார். கல்லூரிக்குப் போகுமுன் ஒரு வாரம் இருந்து அவளுக்கு அளக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போ என்கிறார். கூலிங் கிளாஸைப் பூஜை வேட்டியிலிருந்து எடுத்ததிலிருந்து யாரும் துடைக்கவில்லை போல, ஓரத்தில் இசக்கி வைத்த குங்குமம் அப்படியே இருக்கிறது. சாரிடம் சரி என்று சொல்லியிருக்கிறேன்.